படைக்கு இருந்த பத்தியம்

குவார்ட்டர்ஸில் பிறந்து, சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்த என் வயதுக்காரர்களே, முதலில் உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

போன வாரம் எங்கள் அயனம்பாக்கம் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில், இரண்டாவது மாடியில் இருக்கும் இளந்தாய் ஒருத்தி தன் மகனின் தலையைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். எட்டணா அகலத்தில் ஒரு வட்டம். முடி வேரோடு போகாமல் தோலை ஒட்டி ஒடிந்து கரும்புள்ளியாக நிற்கிறது. சுற்றிலும் தவிடு தூவியதுபோல் செதில். 'வீட்டு வைத்தியம் ஏதாவது உண்டா?' என்று கேட்டிருந்தாள். கேட்ட மாத்திரத்தில் பதில்கள் வந்து குவிந்தன. சின்ன வெங்காயம் தேய், பூண்டு தேய், மொட்டை போடு, எண்ணெயைத் தொடாதே, முட்டையை நிறுத்து. அவ்வளவும் நம் வயதுக்காரர்கள் எழுதியவை. வெங்காயத்தைச் சாம்பாரில் போடுங்கள் ஐயா, பிள்ளை தலையில் போடாதீர்கள். முழங்கால் வலியோடு படி இறங்கிப் போய் அவள் வீட்டு மணியை அடித்தேன். தோல் டாக்டரிடம் நேரம் வாங்கும்வரை அவள் வீட்டு சோபாவை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. "உங்களுக்கு இதெல்லாம் எப்படி ஆன்ட்டி தெரியும்?" என்று அவள் கேட்டாள். அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னதை உங்களுக்கு விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் திருந்த வேண்டியவர்கள் நீங்கள்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம். ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வரிசை வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஊர் பேசும். எங்கள் வீட்டில் திருநெல்வேலி பேசியது. எதிர் வீட்டில் வேலூர். சோதனைக்காகப் பெரிய வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் நாட்களில் அலமாரித் தட்டில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். யாரும் அதைக் கவனிக்க மாட்டோம்.

சாயங்காலம் நான்கு மணிக்கு எதிர் வீட்டு அத்தை தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். வரிசையில் இருந்த பெண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவர்தான் தலை பின்னுவார். அவருக்கு இரண்டு பெண்கள், அவர்களோடு நாங்கள். ஒரே சீப்பு. ஆமை ஓட்டு நிறத்தில், ஒரு பல் போன பெரிய சீப்பு. ரிப்பனும் யாருடையது யாருக்கு என்று கணக்கில்லை. அவர் இரட்டைப் பின்னல் போட்டால் அடுத்த நாள் காலைவரை ஒரு முடி நகராது. இன்று நினைத்தால் அந்தச் சீப்பைக் கும்பிடுவதா, கொதிக்கிற தண்ணீரில் போடுவதா என்று தெரியவில்லை.

தீபாவளி எண்ணெய்க் குளியலின்போது அம்மாவின் விரல் என் தலையில் ஒரு இடத்தில் நின்றது.

"ஏட்டி, அசையாத. தலையில என்னட்டி இது?"

புழுவெட்டு என்றார் அத்தை. அன்றிலிருந்து சின்ன வெங்காயம். வெங்காயம் எரிந்து வட்டம் சிவந்தது. அடுத்து வசம்பு. அதன்பின் கடைத்தெருவில் இருந்த மருந்துக் கடைக்காரர் கொடுத்த, தார் வாசனை அடிக்கும் களிம்பு. மார்கழி முடிவதற்குள் ஒரு வட்டம் மூன்றாயிற்று. அரிப்பில் நான் தூக்கத்தில் சொறிந்துகொண்டதில் தலையணை உறையெல்லாம் செதில்.

இது எங்கிருந்து தொற்றியது என்று விசாரணை வேறு நடந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருபவள் துணி தேய்ப்பவரின் மகள். அவளிடமிருந்துதான் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடி முடிவு செய்தார்கள். அவளோடு பேசக் கூடாது என்றார்கள். நானும் பேசவில்லை. தினமும் இட்லியில் பாதி எனக்குத் தந்தவள் அவள். அவள் தலை சுத்தமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதற்கு மட்டும் எனக்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்க ஆள் கிடைக்கவில்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது வகுப்பு டீச்சர் என் தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்க்கச் சொன்னார். பார்த்தார். மாலையில் அம்மாவை வரவழைத்தார்.

"குணமாயிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா அனுப்புங்க. அதுவரைக்கும் வேணாம். ஆண்டுப் பரீட்சைக்குள்ள லெட்டர் வரலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. திரும்ப அஞ்சாவதுதான்."

ஐந்தாவது முடித்தவர்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். என் கூட்டாளிகள் எல்லோரும் போகப் போகிறார்கள். நான் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு அதே பெஞ்சில் இன்னொரு வருடம் உட்கார வேண்டும். செத்தாலும் அது நடக்கக் கூடாது என்று அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். எனக்குப் பத்து வயது. முடிவெடுத்தால் எடுத்ததுதான். அந்தக் குணம் அம்மாவிடமிருந்து வந்தது.

மறுநாளே தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டெட்டால் வாசனையும் ஈரத் தரையும் நீள மர பெஞ்சும். உள்ளே இருந்த லேடி டாக்டர் மலையாளத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், சிரிக்க மாட்டார். இடுக்கியால் இரண்டு ஒடிந்த முடிகளைப் பிடுங்கி, செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் சொன்னார்.

"இது புழுவெட்டு இல்லை. புழுவும் இல்லை. தலையில வர்ற படை. பூஞ்சை. ஊறுகாயில பூக்குது இல்லையா, அந்த வகை. முடிக்குள்ளயே போயிருக்கு. களிம்பு அங்க போய்ச் சேராது. மாத்திரைதான் போடணும். மாசக்கணக்கில போடணும், விடாம போடணும். பாலோட குடுங்க. சீப்பு, துண்டு, ரிப்பன் எல்லாம் தனியா வைங்க."

"மொட்டை போட்டுரலாமா டாக்டரம்மா?"

"வேண்டாம். அடுத்த ஆள்."

பழுப்புக் காகித உறையில் வெள்ளை மாத்திரைகள் வந்தன. அம்மா அவற்றைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எடுத்தார். தலைமாட்டில் தொங்கிய மாதக் காலண்டரில், மாத்திரை விழுங்கியதும் நான் ஒரு கோடு போட வேண்டும். ஒரு கோடு தவறினால் பெரிய பள்ளிக்கூடம் ஒரு நாள் தள்ளிப் போகும் என்பது நானே செய்துகொண்ட விதி.

இங்கேதான், என் வயதுக்காரர்களே, நம் வீடுகளுக்கே உரிய அந்தக் காரியம் நடந்தது. மருந்து என்றால் பத்தியம் உண்டு. பத்தியம் இல்லாத மருந்து பாதி மருந்து என்பது அம்மாவுக்கு வேதம். படைக்கு எண்ணெய் ஆகாது, பரவும். பால் ஆகாது, நீர் கோக்கும். நெய், கடலை, தேங்காய், கத்தரிக்காய் எதுவும் கூடாது. காலையில் அரை டம்ளர் கஞ்சி, உப்பு பாதி. மத்தியானம் புழுங்கலரிசிச் சோறும் தாளிக்காத பாசிப்பருப்பும், அவித்த புடலங்காயும். மாத்திரையை வெந்நீரில் விழுங்க வேண்டும்.

நான் அம்மாவையே மிஞ்சினேன். பொங்கலன்று தெருவே நெய் மணத்தது. எனக்கு மட்டும் வெள்ளைச் சோறு. யாரும் பார்க்காதபோதுகூட முந்திரிப் பருப்பைத் தொடவில்லை. ஒரு நாள் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, கேண்டீன் வடையை எண்ணெய் ஊறிய செய்தித்தாளோடு என் பாவாடை மடியில் வைத்தார்.

"சாப்பிடு. அம்மை கிணத்தடிக்குப் போயிருக்கா. ஒரு வடையில தல போயிராது."

நான் வடையை எடுத்துக்கொண்டு நேராகக் கிணற்றடிக்குப் போய் அம்மாவிடம் காட்டிக்கொடுத்தேன். அப்பாவுக்கு அன்று கிடைத்த அர்ச்சனை வரிசைக்கே கேட்டது. "பிள்ளைக்கு இருக்க புத்தி உங்களுக்கு இல்லையே!" என்று அம்மா சொன்னபோது எனக்குக் கர்வம் தாங்கவில்லை. அந்த வடையைத் தின்றிருந்தால் அன்றைக்காவது மாத்திரை வேலை செய்திருக்கும்.

ஆறு வாரம். காலண்டரில் ஒரு கோடு தவறவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது, கண் உள்ளே போய்விட்டது. தலையில் மூன்று வட்டம் ஐந்தாகிவிட்டது.

பிப்ரவரிக் கடைசியில் மறுபடி அதே மர பெஞ்ச். ஆஸ்பத்திரி ஆயா பட்டாபிராம் பக்கத்துக்காரர், எல்லோரையும் தெரிந்தவர். என் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, இன்னும் ஸ்கூலுக்குப் போவலியா? ஊட்லயே குந்திகினு கீறியா? இன்னாத்துக்கும்மா இப்டி எளச்சிக் கெடக்குது கொயந்த?"

"பத்தியம்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். ஆயா வாயைத் திறப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் என் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வட்டங்களை எண்ணினார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"இந்த மாத்திரையை ஆறு வாரம் போட்டிருந்தா தலை இப்படி இருக்காது. உண்மையைச் சொல்லுங்க. ஒழுங்கா குடுத்தீங்களா?"

"ஒரு வேளை தப்பல டாக்டரம்மா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. ரெண்டு நாள் குடுக்கறது, மறந்துடறது. இல்லைன்னா வேற யாருக்காவது குடுத்துடறது. அப்புறம் மருந்து சரியில்லைன்னு இங்க வந்து நிக்கறது."

அம்மா கூடைப்பையிலிருந்து காலி உறைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாவற்றையும் மடிப்புக் கலையாமல் சேர்த்து வைத்திருந்தார்.

"காலிக் கவரை யாரும் கொண்டு வரலாம்மா" என்றார் டாக்டர்.

அம்மாவுக்குக் கழுத்துவரை சிவந்து போயிற்று. வீட்டில் அப்பாவையும் வரிசையையும் ஆட்டிவைக்கும் என் அம்மா, நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கத்திவிட்டேன்.

"எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க! தெனமும் வெந்நீர்ல குடுத்தாங்க. நான் கோடு போட்டேன். பால் ஒரு சொட்டு குடிக்கல. எண்ணெய் தொடல. பொங்கலுக்குக்கூட நெய் ஊத்திக்கல. அப்பா குடுத்த வடையக்கூடத் திங்கல. நாங்க எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சோம்!"

டாக்டரின் பேனா நின்றது.

"என்ன சொன்னே? பால் குடிக்கலையா?"

"ஒரு சொட்டு!"

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். "நான் பாலோட குடுங்கன்னு சொன்னேனே."

"சொன்னிய" என்றார் அம்மா மெல்ல. "எல்லா டாக்டரும் பாலு, பழம்னு சொல்லத்தான செய்யுதாவ. உடம்பு தேறுததுக்குச் சொல்லுதியன்னு நெனச்சேன். படைக்கு ஆகாதேன்னு நான்தான் நிறுத்திட்டேன்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"தாளிக்கும்போது மிளகாய் வத்தலைத் தண்ணியில போட்டா நிறம் இறங்குமா? எண்ணெயில போட்டாத்தானே இறங்கும். இந்த மாத்திரை அப்படி. கொழுப்பு இருந்தாத்தான் உடம்புல ஏறும். இல்லைன்னா வந்த வழியே போயிடும். பால், நெய், வேர்க்கடலை, முட்டை, உங்க வீட்டுல எது உண்டோ அதோட குடுக்கணும்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஏன்னு நான் சொல்லலை. சொல்லியிருக்கணும்."

ஆறு வாரம் வயிற்றைக் காய வைத்து, விழுங்கிய மருந்தின் பெரும்பகுதியை நாங்களே விரட்டியிருக்கிறோம். எங்கள் பிடிவாதம்தான் படையை வளர்த்தது. அம்மா வீட்டுக்கு வந்து சோறு பிசைந்து, உருக்கிய நெய்யைக் கரண்டி நிறைய ஊற்றி என் முன்னால் வைத்தார். நான் தட்டைத் தள்ளினேன்.

"வேண்டாம். பரவும். எனக்குப் பெரிய பள்ளிக்கூடம் போணும்."

"டாக்டரம்மா சொன்னத கேட்டேல்லா? தின்னு."

"நீங்கதான் ஆகாதுன்னு சொன்னீங்க!"

அம்மா என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"ஆமா. சொன்னேன். தப்பு எம்மேலட்டி. உங்கம்மைக்குத் தெரியாமப் போச்சு. அதுக்காவ நீ பட்டினி கெடக்காத. தின்னு."

பெரியவர்கள் தப்பை ஒத்துக்கொண்டு நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அம்மாவை முதன்முதலாக மிகவும் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன். தின்றேன். அந்த நெய்ச்சோற்றின் ருசிக்கு ஈடாக எந்தக் கல்யாணப் பந்தியிலும் சாப்பிட்டதில்லை.

அதன் பிறகு அம்மா போர் தொடுத்தார். சீப்புகளைக் கொதிக்க வைத்தார், தலையணை உறைகளை வெந்நீரில் போட்டு வெயிலில் காய வைத்தார். எதிர் வீட்டுக்குப் போய் அத்தையிடம் சீப்பைக் கேட்டார்.

"இன்னாக்கா, என் சீப்பையா சொல்றீங்க? இத்தினி வருஷமா நாலு புள்ளைங்களுக்கு வாரி உட்டிருக்கேன்" என்று அத்தைக்கு முகம் சுருங்கியது. அம்மா விடவில்லை. அவருடைய இரண்டு பெண்களையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். சின்னவளுக்குப் பின்னந்தலையில் இருந்தது. ஒரு மாதம் அத்தை எங்களோடு பேசவில்லை. சின்னவளின் மாத்திரைக்குப் பால் மட்டும் தவறாமல் கொடுத்தார்.

மார்ச் நடுவில் செதில் நின்றது. மாதக் கடைசியில் வட்டங்களைத் தடவினால் விரலுக்குச் சுரசுரவென்று ஏதோ தட்டியது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பேன். பரீட்சை திங்கட்கிழமை ஆரம்பம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு டாக்டர் கடைசியாகச் சோதித்துவிட்டுக் காகிதத்தை எடுத்தார்.

"பள்ளிக்கூடம் போகலாம். மாத்திரை மட்டும் இன்னும் ரெண்டு வாரம். முடி வந்துடுச்சுன்னு நிறுத்தாதீங்க."

நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் மூடிவிடும். அதற்குள் டீச்சரிடம் கடிதத்தைக் கொடுத்தாக வேண்டும். டாக்டர் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடக் குனிந்தார். அம்மா அந்தக் காகிதத்தின்மேல் கையை வைத்தார்.

"டாக்டரம்மா, வெளிய பெஞ்சில ஒருத்தி பிள்ளையோட இருக்கா. இதே மாத்திரை. பேச்சுக் குடுத்துக் கேட்டேன். ஒரு மாசமா பாலு குடுக்கலையாம், எண்ணெய் குடுக்கலையாம். எம்மவ மாதிரியே வத்திப்போய்க் கெடக்கு அந்தப் பிள்ளை."

"இப்ப நான் எல்லாருக்கும் சொல்றேனேம்மா."

"சொல்லுதிய. வெளிய நாப்பது பேரு நிக்காவ. உங்களுக்கு நேரம் எங்க இருக்கு? எழுதிப் போடுங்க."

"எனக்குத் தமிழ் எழுத வராது."

"எம்மவ எழுதுவா."

மூன்றே கால். கையெழுத்து விழாத கடிதம் மேசையில் கிடக்கிறது, அம்மா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். "அம்மா, ஸ்கூல் மூடிருவாங்க" என்று முந்தானையை இழுத்தேன். அம்மா திரும்பவே இல்லை.

ஆயா எங்கிருந்தோ மருந்துப் பெட்டியின் அட்டை மூடி ஒன்றைக் கிழித்துக் கொண்டு வந்தார். எழுத மை இல்லை. காயத்துக்குப் போடும் ஊதா மருந்தில் பஞ்சு சுற்றிய குச்சியைத் தோய்த்து என் கையில் கொடுத்தார். டாக்டர் சொல்லச் சொல்ல, மூன்று மாதமாகப் பேனா பிடிக்காத கையால், தரையில் மண்டியிட்டு எழுதினேன். 'தலைப் படைக்கு இந்த மாத்திரை. பால் அல்லது நெய்ச் சோற்றோடு கொடுக்கவும். கொழுப்பு இல்லாமல் உடம்பில் ஏறாது. பத்தியம் கிடையாது.' விரலெல்லாம் ஊதா.

"போதுமா?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மா குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தார். அவர் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். வாசித்து முடித்து நிமிர்ந்தவர், என்னிடம் பேசினார், ஆனால் டாக்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கீழ இன்னொண்ணு போடுட்டி. வெளங்கலைன்னா ஏன்னு கேளுங்க. கேட்டா திட்ட மாட்டோம்."

குச்சி என் கையில் அப்படியே நின்றது. டாக்டர் அம்மாவைப் பார்த்தபடி இருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை.

"எழுது" என்றார் டாக்டர்.

எழுதினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, என் பக்கத்தில் தரையில் குனிந்து, அந்தக் கடைசி வரிக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அதற்குப் பிறகுதான் என் கடிதத்தில் போட்டார்.